பதினோராவது வரிக்குக் காரணம்

கோலியனூர் சாலையில் நான் இருபத்து மூன்று வருஷம் வேலை பார்த்த மணிப் பட்டறையின் சுவரில் இப்போது ஓர் அட்டை தொங்குகிறது. மணி வார்க்கும் முறை, மொத்தம் பதினேழு வரி, கம்ப்யூட்டரில் அடித்து பிளாஸ்டிக் உறை போட்டது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘காரணம்’ என்று ஒரு கட்டம். முதல் வரி, களிமண்ணைச் சலிக்க வேண்டும். காரணம், கல் இருந்தால் அச்சு வெடிக்கும். இப்படியே போகிறது. பதினோராவது வரிக்கு எதிரே மட்டும் ‘சவரிமுத்து பெரியப்பாவைக் கேட்கவும்’ என்று போட்டு என் செல் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள்.

கேட்கிறார்கள். புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். நான் சாப்பிட உட்காரும்போதுதான் அவர்களுக்கு அந்தச் சந்தேகம் வருகிறது. ஒருத்தர் பஸ்ஸில் போய்க்கொண்டே கேட்டார். திண்டிவனம் தாண்டியதும் சிக்னல் போய்விட்டது. அவர் இன்றைக்கும் பாதிக் காரணத்தோடுதான் வேலை செய்துகொண்டிருக்கிறார். அதனால் முழுசாக எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

நான் அங்கே சேர்ந்தது 1993-ல். அதற்கு முன் செங்கல் சூளையில் இருந்தேன். பட்டறை ஆதிமூலம் என்பவருடையது. மணி செய்கிற அந்தக் குடும்பத்தில் அவர் ஐந்தாவது தலைமுறை. நாங்கள் அவரைப் பெரிய மொதலாளி என்போம். வேலை கேட்டுப் போன அன்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா வேலை தெரியும்?”

“செங்கல் சூளையில இருந்தேங்க. நெருப்பு பாத்துக்குவேன்.”

“செங்கல்லு ஒடைஞ்சிட்டா இன்னா பண்ணுவீங்க?”

“அரைச் செங்கல்லுன்னு வித்துடுவாங்க.”

“அரை மணின்னு ஒண்ணு கெடையாது,” என்றார். நேர்முகத் தேர்வு அவ்வளவுதான். மறுநாளே வரச் சொல்லிவிட்டார்.

முதல் இரண்டு வருஷம் மண் சலித்தேன். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை. அப்புறம் அச்சு வேலை. மணியின் உள்பக்கத்துக்கு மண்ணால் ஒரு கரு செய்வோம். அதன்மேல் மணி எவ்வளவு கனம் வேண்டுமோ அவ்வளவு கனத்துக்கு மெழுகு பூசுவோம். ஊர்ப் பேர், உபயதாரர் பேர் எல்லாம் மெழுகிலேயே எழுத்து செய்து ஒட்டுவோம். அதற்கு மேல் மறுபடி மண். காய்ந்த பின் சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். மெழுகு இருந்த இடத்துக்கு வெண்கலம் போகும். சொல்வதற்குச் சுலபம்.

பெரிய மொதலாளி அதிகம் பேச மாட்டார். வேலை நன்றாக இருந்தால் “இருக்கட்டும்” என்பார். சரியில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் நாமே உடைத்துவிட்டு மறுபடி செய்திருக்க வேண்டும். ஒருநாள் நாலு டீ குடித்தார். அன்றைக்குக் கரு பூசியது நான்.

அந்தக் குடும்பத்தில் இரண்டு வழக்கம் உண்டு. ஒன்று, தாங்கள் வார்த்த மணியைத் தாங்கள் அடித்துப் பார்க்கக் கூடாது. முதல் அடி, வாங்குகிறவர்கள் ஊரில், வாங்குகிறவர்கள் கையால்தான் விழ வேண்டும். ஆகவே லாரியில் ஏற்றி அனுப்புகிற மணிக்கு எப்படிப்பட்ட குரல் என்று செய்தவர்களுக்கே தெரியாது. ஐந்து தலைமுறையாக இந்தத் தைரியத்தில்தான் தொழில் நடந்திருக்கிறது.

இரண்டாவது, வெள்ளீயத்தின் அளவு. செம்பு மட்டும் போட்டால் மணி தகர டப்பா மாதிரி மந்தமாகக் கேட்கும். வெள்ளீயம் சேர்ந்தால்தான் குரல் வரும். கூடிப்போனால் குரல் கிறீச்சென்று ஏறும், ஆனால் மணி கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அந்த அளவு தகப்பன் மகன் காதில் சொல்வது. அதுவும் தகப்பன் தொழிலை விடுகிற நாளில்தான் சொல்வது. அதுவரை மகனுக்கும் தெரியாது.

எனவே செம்பு உருகியதும் மூலையில் ஒரு எட்டுமுழ வேட்டியைக் கட்டித் தராசை மறைத்துவிடுவார். வெள்ளீயத்தை ஐந்தைந்து கிலோக் கட்டிகளாக ஊற்றி வைத்திருப்போம். நான் பத்துக் கட்டியை வேட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அவர் நிறுத்துச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து தன் கையாலேயே உலையில் போடுவார். வார்ப்பு முடிந்ததும் மிச்சக் கட்டிகளை நான் பெட்டியில் எடுத்து வைக்க வேண்டும். ஆயுத பூசை அன்று நாங்கள் எல்லோரும் வேட்டிக்குப் பின்னால் பார்க்கவில்லை என்று கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும். நான் கிறிஸ்தவன் என்பதால் எனக்கு மட்டும் ஒரு மெழுகுவத்தி ஏற்றித் தருவார்.

நான் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. ஆனால் அறுபது கிலோ செம்பு போடுகிற நாளெல்லாம் மிச்சம் ஏழு கட்டி இருந்தது. பத்தில் ஏழு போனால் மூன்று என்று மூன்றாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். மறக்கப் பார்த்தும் முடியவில்லை. அறுபது கிலோ செம்புக்குப் பதினைந்து கிலோ வெள்ளீயம். நாலு பங்குக்கு ஒரு பங்கு.

2002 வாக்கில் பெரிய மொதலாளிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. பாண்டிச்சேரியில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். அவர் மகன் பரசுராமன் கட்டிலுக்குப் பக்கத்தில், நான் காபி பிளாஸ்கோடு கால்மாட்டில். நாலாவது நாள் அவர் இடது கையால் மகனைக் கிட்டே கூப்பிட்டார். பரசுராமன் குனிந்து காதைக் கொடுத்தார். நான் நகர்ந்திருக்க வேண்டும். கையில் பிளாஸ்க் திறந்திருந்தது, நகரவில்லை.

“நா...லு... ஒண்ணு,” என்றார் பெரிய மொதலாளி. நடுவில் இருந்தது வாயிலேயே தங்கிவிட்டது.

“நாலுல ஒண்ணாப்பா?” என்று கேட்டார் பரசுராமன்.

தலையாட்டினார்.

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஊசி போடட்டுமா என்று நர்ஸ் கேட்டதற்குத் தலையாட்டியிருந்தார். வேண்டாமா என்று கேட்டதற்கும் ஆட்டினார். பக்கத்துக் கட்டில்காரர் இந்த ஆஸ்பத்திரியில் கொசு ஜாஸ்தி என்றதற்கும் ஆட்டினார். பரசுராமனுக்கு அது எதுவும் ஞாபகம் இல்லை. அப்பா சொன்னார், கேட்டதற்கு ஆமாம் என்றார், அவ்வளவுதான் அவருக்கு.

நாலுக்கு ஒன்று என்றால் அறுபது கிலோ செம்புக்கு மூன்று கட்டி. நாலில் ஒன்று என்றால் மணியின் மொத்த எடையில் கால் பங்கு வெள்ளீயம். அறுபதுக்கு இருபது, நாலு கட்டி. ஒரு ‘க்கு’ போய் ஒரு ‘ல’ வந்துவிட்டது. தமிழ் வாத்தியார் இலக்கணம் நடத்தும்போது நான் பின் வரிசையில் தூங்கியிருக்கிறேன். அதற்கு இப்படி ஒரு தண்டனை இருக்கும் என்று தெரிந்திருந்தால் விழித்திருப்பேன்.

பரசுராமன் பொறுப்பேற்று வார்த்த முதல் மணி, எங்கள் ஊர் மாதா கோயிலுக்கு. திண்டிவனத்துக்குக் கிழக்கே இருக்கிறது ஊர். பழைய மணி விரிசல் விட்டுப்போய், வீட்டுக்கு வீடு செப்புக் குடமும் அண்டாவும் கொடுத்துப் புது மணிக்கு அறுபது கிலோ செம்பு சேர்த்தார்கள். எங்கே வார்ப்பது என்று பேச்சு வந்தபோது, எங்கள் பட்டறையிலேயே வார்க்கலாம் என்று சொன்னது நான்தான்.

அன்றைக்குப் பெரிய மொதலாளியை நாற்காலியோடு தூக்கி வந்து வேட்டிக்குப் பின்னால் தராசுக்கு எதிரே உட்கார வைத்தார் பரசுராமன். பரசுராமனால் ஒரே நேரத்தில் உலையைக் கிளறவும் வெள்ளீயத்தைப் போடவும் முடியாது. அதனால் சாக்கை நான் தூக்கி வந்து போடுவது, ஆனால் போடும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நாலு கட்டி போட்டேன். நாலாவது கூடுதல் என்று போடும்போதே எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஒன்பது வருஷம் நான் வைத்த மெழுகுவத்தி எல்லாம் பொய் என்றாகும். அதைவிட, கூலிக்காரன் சொல்லி மணி வார்த்தார் என்று ஆறாவது தலைமுறையின் பேர் முதல் மணியிலேயே போகும். மணி எப்படியாவது தாங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது என் தப்புதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாமியார் மணியை மந்திரித்தார். முதல் அடி, கோயில் காரியம் பார்க்கிற உபதேசியாருக்கு. ஊரே சுற்றி நின்றது. முதல் அடி கிறீச்சென்று கேட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது அடிக்கு ‘டொக்’ என்றது. அடிவிளிம்பிலிருந்து ஒரு கீறல் மேலே ஏறி, என் கண் முன்னாலேயே ஓரத்தில் ஒரு சில்லு கழன்று விழுந்தது.

உபதேசியார் கயிற்றை விடாமல் என்னைப் பார்த்தார். “சவரி, இது இன்னாப்பா, மாதா கோயில்ல தேங்கா ஒடைச்ச மாதிரி கேக்குது?”

என் மனைவி ஆரோக்கியமேரி பக்கத்தில் வந்தாள். “நீ செஞ்சதா?”

“எல்லாரும் சேந்துதான் செஞ்சோம்.”

“அப்ப நீயுந்தான்,” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு வீட்டில் அடுப்பு பற்ற வைக்கவில்லை.

நான் அந்தச் சில்லை எடுத்துப் பார்த்தேன். உடைந்த இடம் பீங்கான் ஓடு மாதிரி வெளேரென்று இருந்தது. நல்ல வெண்கலம் உடைந்தால் கொஞ்சமாவது மஞ்சள் காட்டும். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

திருவிழாக் கொடியேற்றத்துக்கு இருபது நாள் இருந்தது. இன்னொரு மணி வார்த்துத் தருகிறோம் என்றார் பரசுராமன். ஊரில் ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். இன்னொரு தடவை உடைந்தால் கும்பகோணத்துக்குப் போய்விடுவோம், சுற்றுவட்டாரத்தில் எல்லாப் பங்குக் கோயில்களிலும் சொல்லிவிடுவோம் என்றும் சொன்னார்கள். எங்கள் பட்டறைக்கு வந்துகொண்டிருந்த வேலையில் பாதி அந்தக் கோயில்களில் இருந்துதான்.

பரசுராமன் முதலில் மண்ணைக் குறை சொன்னார். பிறகு விறகை. பிறகு யாரையும் குறை சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. அச்சு காய்ந்துகொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அண்ணே, இதுவும் ஒடைஞ்சிதுன்னா பட்டறைய மூடிடப் போறேன். அப்பாவ எதிர்ல ஒக்கார வச்சிகினு இன்னொரு வாட்டி இத பாக்க என்னால ஆவாது.”

“ஒடையாதுங்க.”

“எப்பிடிச் சொல்றீங்க?”

“சும்மா ஒரு நம்பிக்கைதாங்க.”

உடைந்த மணியை அதே ஊருக்கு மறுபடி வார்ப்பதில்லை என்பதால் புதுச் செம்பு வாங்கினார். அறுபது கிலோ. செம்பு உருகியதும் வேட்டி கட்டியாகிவிட்டது. பெரிய மொதலாளி தராசுக்கு எதிரே. பரசுராமன் கட்டிகளை வைக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. “சரியாப்பா?” என்றார். ஆட்டியிருப்பார். எடை முடிந்ததும் அவரை நாற்காலியோடு தூக்கி மணல் மேட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். உலைச் சூடு எட்டாத இடம் அது ஒன்றுதான்.

வேட்டியிலிருந்து உலைக்குப் பதினாலு எட்டு. ஒன்பதாவது எட்டில் மணல் மேடு. நான் சாக்குக் கட்டு அவிழ்ந்துவிட்ட மாதிரி பெரிய மொதலாளியின் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஒரு கட்டியை எடுத்து மணலில் புதைத்தேன். யாராவது பார்த்தால் வெள்ளீயத் திருடன் என்பார்கள், நானும் இல்லையென்று சொல்ல முடியாது. பார்க்காவிட்டால் ஆறு தலைமுறை வைத்த அளவில் கை வைத்த கூலிக்காரன் ஆகிறேன். இரண்டும் பயமாகத்தான் இருந்தது. எழுந்து போய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மூன்று கட்டி போட்டேன். பச்சை வேப்பங்கழியால் கிளறிக்கொண்டிருந்தார் பரசுராமன். புகையில் யார் எண்ணப் போகிறார்கள். மறுநாள் அந்தக் கட்டியை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அச்சை உடைத்து மணியை எடுத்து நிறுத்தோம். பரசுராமன் தராசையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பதை ஒட்டி வர வேண்டியது எழுபத்து நாலுதான் வந்திருந்தது.

“சேதாரம்,” என்றார்.

“ஆமாங்க,” என்றேன்.

கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன்பு மணியைக் கட்டினார்கள். உபதேசியார் ஒரு அடி அடித்தார். இரண்டாவது அடித்தார். மூன்றாவதுக்குக் கயிற்றை என் கையில் கொடுத்தார். “மூணாவத நீயே அடிச்சிக்கோ. எனக்கு வேணாம் இந்தப் பேஜாரு.”

செய்தவர்கள் அடிக்கக் கூடாது என்றேன். நீ இந்த ஊர்க்காரன், அடி என்றார். அடித்தேன். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் நான் ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடித்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. புகை என்று சொன்னேன். அங்கே புகை எதுவும் இல்லை. ஆரோக்கியமேரி அன்றைக்குக் கறி எடுத்தாள்.

பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அடுத்த மாதம் பனமலைப் பக்கத்தில் ஒரு கோயிலுக்கு மணி வார்த்தோம். பரசுராமன் மறுபடி நாலு கட்டி வைத்தார். போன தடவை நாலு வைத்துத்தானே நன்றாக வந்தது. எனக்கு அப்போதுதான் விளங்கியது, ஒரு தடவை எடுத்தவன் ஒவ்வொரு தடவையும் எடுத்தாக வேண்டும் என்பது. எடுத்தேன். சேதாரம் என்றார். இப்படிப் பதினாலு வருஷம். பெரிய மணியென்றால் எட்டு வைப்பார், நான் இரண்டு புதைப்பேன். வார்ப்பு நாளில் எனக்குக் காய்ச்சல் வந்தாலும் போனேன். மகள் நிச்சயதார்த்தம் அன்றைக்குப் பந்தலிலிருந்து போனேன். இவ்வளவு விசுவாசமான வேலைக்காரனைப் பார்த்ததில்லை என்று ஊரில் பேர். பெரிய மொதலாளி 2009-ல் காலமானார். காலி நாற்காலி மணல் மேட்டுப் பக்கத்திலேயே இருந்தது. நானும் நிறுத்தவில்லை.

2016-ல் முட்டி தேய்ந்துவிட்டது, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. புதைக்கிறவனுக்கு முட்டி முக்கியம். வேலையை விடுகிறேன் என்று சொல்லியாகிவிட்டது. புதைத்ததைச் சொல்லாமல் போனால் அடுத்த மணி உடையும். கடைசி நாள் மத்தியானம் சாப்பிட்ட பிறகு பரசுராமனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மகள் கயல்விழியும் இருந்தாள். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டுப் பட்டறையை அப்போதே பாதி அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரசுராமன் டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தார். “அண்ணே, வெள்ளீயம் சேதாரம் ஆனா எத்தினி ஆவும்?”

“கால் கிலோ. மிஞ்சிப் போனா அரைக் கிலோ.”

“அஞ்சு கிலோ சேதாரம்னு சொல்ற அளவுக்கா நான் மக்கு?”

எழுபத்து நாலு கிலோவைப் பார்த்த அன்றே தெரியும் என்றார்.

“அப்ப ஏன் கேக்கலீங்க?”

“கேட்டா நீங்க சொல்லணும். சொன்னா அப்பா சொன்னது தப்புன்னு ஆவும். அவரு எதிர்ல ஒக்காந்துகினு இருக்காரு. வாய் போன மனுசன். அவரு கடைசியா குடுத்தது அது ஒண்ணுதான், அதையும் தப்புன்னு தராசுல வச்சிக் காட்டச் சொல்றீங்களா?”

“அவரு போயி ஏழு வருசம் ஆச்சிங்களே.”

“நீங்களும் நிறுத்தல, நானும் நிறுத்தல,” என்றார்.

கயல்விழி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “மூணே வச்சா போதுமேப்பா. எதுக்கு நாலு வச்சி ஒண்ண எடுக்கணும்?”

“தராசுல இருக்கறது தாத்தா சொன்னது. மணல்ல இருக்கறது பெரியப்பா சொன்னது. நம்ம வூட்டு அளவு ரெண்டுஞ் சேந்ததுதான். ஒண்ண எடுக்கணும்னா இன்னொண்ணயும் எடுக்கணும்,” என்றார் பரசுராமன்.

அந்த வாரமே வேட்டியைக் கழற்றிவிட்டு அட்டையை மாட்டிவிட்டாள் கயல்விழி. பத்தாவது வரி: நாலு கட்டி வெள்ளீயம் நிறுக்கவும். பதினோராவது வரி: அதில் ஒரு கட்டியை மணலில் புதைக்கவும்.

இதுவரைதான் எல்லோருக்கும் போனில் சொல்லிவந்தேன். பரசுராமனுக்கும் இவ்வளவுதான் தெரியும். அப்பாவுக்குத் தெரியாமல் கடைசிவரை காப்பாற்றினோம் என்று அவருக்கு ஒரு நிம்மதி. அதைக் கெடுக்க வேண்டாம் என்று வைத்திருந்த ஒன்று பாக்கி இருக்கிறது. எனக்கும் வயதாகிறது. எழுதிவிடுகிறேன்.

பெரிய மொதலாளி கடைசியாகப் பார்த்த வார்ப்பு, அவர் போவதற்கு முந்தின வருஷம். நான் வழக்கம்போல நாற்காலிக்குப் பின்னால் கட்டியைப் புதைத்துவிட்டு உலைக்குப் போனேன். அன்றைக்கு மணல் ரொம்பக் காய்ந்திருந்தது. மூன்று கட்டியையும் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மணலோடு கட்டியும் சரிந்து வந்து பாதி வெளியே தெரிகிறது. அவர் நாற்காலிக்கு இடது பக்கம், வெயிலில், வெள்ளி மாதிரி. பரசுராமன் உலையைவிட்டு இரண்டு எட்டு நகர்ந்தால் பார்த்துவிடுவார். நான் அங்கே போனால் அவர் கண்ணும் கூடவே வரும்.

பெரிய மொதலாளி குனிந்து கட்டியைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பிறகு, வேலை செய்கிற அந்த ஒரு காலை மெதுவாக நீட்டி, மணலை அதன்மேல் தள்ளினார். போதவில்லை. இன்னொரு தடவை தள்ளினார். மூன்றாவது தடவையில் மூடிவிட்டது. குதிகாலால் அமுக்கிவிட்டுக் காலை இழுத்துக்கொண்டார்.

அப்புறம் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார் என்று முன்னாலேயே எழுதியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அவரிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.